பிடிக்காத மனுஷங்க, விட முடியாத தொடர்கள்: அக்கா டிப்ஸ்

“அக்கா, நாலு எபிசோடு பார்த்துட்டேன். ஒருத்தர்கூட நல்லவங்க இல்ல. இவங்களோட எதுக்கு மல்லுக்கட்டணும்?”

‘சக்சஷன்’ பார்க்க ஆரம்பிச்ச தங்கச்சிங்க பாதிப் பேர் என்கிட்ட கேட்கிற கேள்வி இது. ‘பிரேக்கிங் பேட்’, ‘த சொப்ரானோஸ்’, ‘மேட் மென்’னு ஊரே தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுற தொடர்களுக்கெல்லாம் இதே கதிதான். ஆசையா ஆரம்பிக்கிறாங்க. மூணாவது, நாலாவது எபிசோடுல ‘சீ, என்ன ஜென்மங்க’ன்னு மூடி வச்சுடறாங்க. அப்புறம், எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்களே, நமக்குத்தான் ரசனை போதலையோன்னு ஒரு மனக்குறை வேற.

உன் ரசனையில ஒரு குறையும் இல்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த மனுஷங்களை எப்படியாவது பிடிக்க வச்சுக்கணும்னு முயற்சி பண்ணாதே. உனக்கு வர்ற வெறுப்பை ஓரமா ஒதுக்கி வச்சுட்டுப் பார்க்கணும்னும் நினைக்காதே. அதைக் கையில வச்சுக்கிட்டே பாரு. எழுதினவங்களும் நீ அதோட வரணும்னுதான் எதிர்பார்க்கிறாங்க. உன் வெறுப்பு எந்தக் காட்சியில கூடுது, எங்க குறையுது, எங்க உனக்கே தெரியாம காணாமப் போகுதுன்னு கவனிக்கிறதுலதான் இந்தத் தொடர்களோட மொத்த ருசியும் இருக்கு.

முதல் பாடம் அம்மாகிட்ட

இது ஏதோ வெளிநாட்டுப் புது வித்தைன்னு நினைக்காதே. நம்ம அம்மாக்களுக்கு இது கைவந்த கலை. சன் டிவியில ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில இருந்து 2024 ஜூன் வரைக்கும் ஓடுச்சு. ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்குநர். படிச்ச மருமகள்களை அடுப்படியோட கட்டிப் போடுற ஆதி குணசேகரனா ஜி. மாரிமுத்து நடிச்சார். அந்த ஆளைப் பிடிக்கும்னு சொன்ன ஒரு பெண்ணை நான் பார்த்ததில்ல. ஆனா அவர் வராத எபிசோடு யாருக்கும் ருசிக்கவும் இல்ல.

எங்க வீட்டுல அம்மா சின்ன வெங்காயத்தை மடியில கொட்டி உரிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. குணசேகரன் தன் மனைவி ஈஸ்வரியை அதட்ட ஆரம்பிச்சா, “நீ உருப்படவே மாட்டடா”ன்னு திரையைப் பார்த்தே சாபம் விடுவாங்க. கை நிக்காது, வெங்காயம் உரிஞ்சுக்கிட்டே இருக்கும். விளம்பரம் வந்தாலும் எழுந்து போக மாட்டாங்க. “இப்ப நந்தினி ஒண்ணு சொல்லுவா பாரு”ன்னு, அந்த வீட்டு மருமகளோட பதிலடிக்காகக் காத்திருப்பாங்க. ஒரு நிமிஷம்கூட அந்த ஆள் பக்கம் சாய்ஞ்சதில்ல. ஒரு நாள்கூடப் பார்க்காம இருந்ததும் இல்ல.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்பவே மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்து இறந்துட்டார். தினமும் குணசேகரனைத் திட்டின அதே அம்மா அன்னிக்கு ராத்திரி சரியாச் சாப்பிடல. நடிகர் யாரு, அவர் காட்டின ஆள் யாருன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல.

அம்மா பண்ணினதுல மூணு விஷயம் இருக்கு: தீர்ப்பை விட்டுக்கொடுக்காம பார்த்தாங்க, அந்த ஆள் வாயில இருந்து என்ன வரும்னு ஆர்வமா இருந்தாங்க, அவனைச் சுத்தி நிக்கிற பெண்கள் மேல கண்ணு வச்சிருந்தாங்க. இந்த மூணையும் எடுத்துக்கிட்டுப் போய், ‘சக்சஷன்’ல நியூயார்க்ல உட்கார்ந்திருக்கிற லோகன் ராய் வீட்டைப் பாரு. ரெண்டு வீட்டுலயும் ஒரே சண்டைதான்: பெரியவர் கையில இருக்கிறது அடுத்து யாருக்குப் போகும்? குணசேகரனோட மதுரை வீட்டுல அப்பத்தா பேர்ல இருக்கிற பங்கு, அங்க வேஸ்டார் ராய்கோ கம்பெனி.

எத்தனாவது எபிசோடு வரைக்கும் பொறுக்கணும்?

இந்த மாதிரித் தொடர்கள் முதல் எபிசோடுலயே உன்னை மடக்கணும்னு அவசரப்படாது. அதனால நீதான் ஒரு எல்லை வச்சுக்கணும். நான் வச்சிருக்கிற எல்லையைச் சொல்றேன்.

‘சக்சஷன்’னா முதல் சீசன்ல ஆறாவது எபிசோடு. அப்பாவைப் பதவியில இருந்து இறக்க, மகன் கெண்டல் போர்டு கூட்டத்துல ஓட்டெடுப்பு வைக்கிற நாள் அது. கூட்டத்தை நடத்த வேண்டியவனே டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு, காரை விட்டு இறங்கி, போன்ல பேசிக்கிட்டே தெருவுல ஓடுறான். அங்க அறையில பெரியவர் எழுந்து போக மாட்டேன்னு உட்கார்ந்திருக்கார். தூக்கறேன்னு வாக்குக் குடுத்த தம்பி ரோமன் கையைத் தூக்கல. அந்த அறையில நல்லவங்கன்னு யாருமே கிடையாது. ஆனா நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப. அதுவும் பிடிக்கலைன்னா, தாராளமா விட்டுடு. அதுக்கு மேல அந்தத் தொடர்ல உனக்கு ஒண்ணும் கிடைக்காது.

‘பிரேக்கிங் பேட்’டுக்கும் ‘த சொப்ரானோஸ்’க்கும் அஞ்சாவது எபிசோடு. ஏன்னு கீழ சொல்றேன். ‘மேட் மென்’ மட்டும் கொஞ்சம் மெதுவா நகரும். அதுக்கு முதல் சீசன் 13 எபிசோடும் குடு. இல்லைன்னா தொடவே தொடாதே.

கதை தெரிஞ்சுபோயிடுமேன்னு பயப்படாதே. இந்தத் தொடர்கள்ல ‘அடுத்து என்ன’ங்கிறதைவிட ‘இவன் தனக்குத்தானே என்ன சொல்லிக்கிறான்’ங்கிறதுதான் பெருசு. தெரிஞ்சு பார்த்தாலும் ஒண்ணும் குறையாது.

சாக்கு எங்க உடையுதுன்னு பாரு

இந்தத் தொடர்கள்ல எல்லா முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு சாக்கு இருக்கும். ‘குடும்பத்துக்காக’ங்கிறதுதான் அதுல ரொம்பப் புழக்கத்துல இருக்கிறது. உன் வேலை, அந்தச் சாக்கு எந்த இடத்துல உடையுதுன்னு கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிச்சுட்டேன்னா அதுக்கப்புறம் தொடரே வேற மாதிரி தெரியும்.

வால்டர் ஒயிட்டை எடுத்துக்கோ. நியூ மெக்சிகோ மாநிலத்துல ஆல்புகர்க்கி ஊர்ல பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார். வயசு 50. சம்பளம் பத்தாம சாயங்காலம் கார் கழுவுற இடத்துலயும் வேலை பார்க்கிறார். நுரையீரல் புற்றுநோய்னு தெரியுது. மனைவி மாசமா இருக்கா, மகனுக்கு உடல் ஊனம். போதைப்பொருள் காய்ச்ச ஆரம்பிக்கிறார். நமக்கு மனசு இளகிடும். பாவம், வேற வழியில்லன்னு தோணும்.

அஞ்சாவது எபிசோடுல வழி வருது. அவரோட பழைய கூட்டாளி எலியட், இப்போ பெரும் பணக்காரர். மருத்துவக் காப்பீட்டோட வேலை தர்றேன்கிறார். கூட்டாளியோட மனைவி போன் பண்ணி, சிகிச்சைச் செலவை நாங்களே ஏத்துக்கிறோம்னு சொல்றாங்க. வால்டர் ரெண்டையும் மறுத்துட்டு நேரா, தன்னோட சேர்ந்து போதைப்பொருள் காய்ச்சின ஜெஸ்ஸி வீட்டு வாசல்ல போய் நிக்கிறார். முதல் சீசனே மொத்தம் 7 எபிசோடுதான். அதுக்குள்ளேயே இதை வச்சிருக்காங்க. குடும்பத்துக்காகன்னா இந்த உதவியை வாங்கியிருக்கணும். வாங்கல. அப்போ இது யாருக்காக? 2013 செப்டம்பர்ல, 62-ஆவது எபிசோடுல, அவரே மனைவிகிட்ட வாய்விட்டு ஒத்துக்கிறார், தனக்காகத்தான் பண்ணேன்னு. அதைக் கேட்டு ஆச்சரியப்படுறவங்க அஞ்சாவது எபிசோடைக் கவனிக்காம விட்டவங்க.

‘த சொப்ரானோஸ்’ல இந்த உடைவு வேற மாதிரி வரும். நியூஜெர்சி மாஃபியா ஆள் டோனி, மக மெடோவுக்குக் காலேஜ் பார்க்க மெய்ன் மாநிலத்துக்குக் காரை ஓட்டிக்கிட்டுப் போறார். அப்பா மக பேச்சு அவ்வளவு அழகா இருக்கும். நீங்க மாஃபியாவான்னு மக நேராவே கேட்கிறா, அவரும் தடுமாறித் தடுமாறிக் கொஞ்சம் ஒத்துக்கிறார். எந்த அப்பாவுக்கும் வர்ற சங்கடம். வழியில, கூட்டத்தைக் காட்டிக் கொடுத்துட்டு வேற பேர்ல ஒளிஞ்சு வாழுற பழைய ஆள் ஒருத்தன் கண்ணுல படுறான். மக காலேஜ்ல இன்டர்வியூல இருக்கிற நேரத்துல, டோனி அவனைத் தன் கையாலேயே கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு வந்து மகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறார். கையில காயம் என்னன்னு அவ கேட்கிறா. ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார். அவ நம்பலைங்கிறது அவ முகத்துல தெரியுது.

1999-இல் இது ஒளிபரப்பாகறதுக்கு முன்னாடி எச்.பி.ஓ. சேனல்காரங்க பயந்தாங்க. இப்படி ஒரு கொலையைப் பண்ணினா அஞ்சாவது வாரத்துலயே ஜனங்க டோனியைக் கைவிட்டுடுவாங்கன்னு. தொடரை உருவாக்கின டேவிட் சேஸ் விடாப்பிடியா நின்னார்: அந்த இடத்துல அவன் கொல்லாம விட்டாத்தான் ஜனங்க அவனை நம்ப மாட்டாங்க. ஜனங்க கைவிடல. அந்த எபிசோடோட எழுத்துக்கு எம்மி விருதும் கிடைச்சது. பாசமான அப்பாவும் கொலைகாரனும் ஒரே ஆளுங்கிறதை அந்த ஒரு மணி நேரம் உன் மடியில வச்சுட்டுப் போயிடும். அதுக்கு மேல பார்க்கலாமா வேண்டாமான்னு நீ தைரியமா முடிவு பண்ணலாம்.

பக்கத்துல நிக்கிறவங்க மேல கண்ணு வை

நாயகன் பேசுறப்போ நாயகனையே பார்க்காதே. அறையில வேற யாரு இருக்காங்க, அவங்க முகம் என்ன ஆகுதுன்னு பாரு.

‘சக்சஷன்’ முதல் எபிசோடு. லோகனோட 80-ஆவது பிறந்தநாள். குடும்பமே ஹெலிகாப்டர்ல பறந்து போய் ஒரு மைதானத்துல சாஃப்ட்பால் ஆடுது. ஆள் குறையுதுன்னு அங்க நிக்கிற ஒரு சாதாரணக் குடும்பத்துச் சின்னப் பையனைச் சேர்த்துக்கிறாங்க. ரோமன் செக் புத்தகத்தை எடுத்து, ஹோம் ரன் அடிச்சா 10 லட்சம் டாலர்னு அப்பவே எழுதிக் காட்டுறான். பையன் அடிச்சுட்டு உயிரைக் குடுத்து ஓடுறான். நூலிழையில அவுட். ரோமன் சிரிச்சுக்கிட்டே செக்கைக் கிழிச்சு, ஒரு துண்டை அந்தப் பிள்ளை கையில குடுக்கிறான்.

இந்த இடத்துலதான் பல பேர் தொடரையே மூடறாங்க. நியாயம்தான். ஆனா இன்னும் கொஞ்சம் இரு. அன்னிக்கு ஆட்டத்துக்கு முன்னாடி, வருங்கால மருமகன் டாம் பயந்து பயந்து மாமனாருக்கு ஒரு படேக் ஃபிலிப் கைக்கடிகாரம் பரிசு குடுத்திருப்பான். லோகன் அதை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். இப்போ அதே கடிகாரம், வெளியில வாய் திறக்க மாட்டோம்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு, அந்தப் பையன் வீட்டுக்காரங்க கைக்குப் போகுது. பையனோட அவமானத்துக்கும் டாமோட பரிசுக்கும் அந்த வீட்டுல என்ன மதிப்புன்னு ஒரு பொருளை வச்சே சொல்லிட்டாங்க. ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் உருவாக்கின இந்தத் தொடர், 39 எபிசோடு முழுக்க இதே நுணுக்கத்தோட போகுது. ரோமனை மன்னிக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கல. அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா முகத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு மிச்சத்தைப் பாரு.

டோனியோட மனைவி கார்மெலாவை நான் இன்னும் நெருக்கமாப் பார்ப்பேன். மூணாவது சீசன்ல அவங்க ஒரு வயசான மனநல மருத்துவர்கிட்ட போறாங்க. அவர் வழவழன்னு பேசல. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளியே வந்துடு, அந்தப் பணத்துல வாழாதேங்கிறார். பீஸ்கூட வாங்க மாட்டேங்கிறார், அதுல ரத்தம் இருக்குங்கிறதால. இனிமே ‘யாரும் எனக்குச் சொல்லல’ன்னு அந்த அம்மாவால சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து சோபாவுல முடங்கிப் படுக்கிறாங்க. அப்புறம் எழுந்து புருஷன்கிட்ட கேட்கிறது என்ன தெரியுமா? மக படிக்கிற கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் நன்கொடை குடுங்கன்னு.

இதைப் பார்த்தப்போ எனக்குக் கோபமும் வந்துச்சு, அந்த அம்மாவை அணைச்சுக்கணும்னும் இருந்துச்சு. டோனியைவிட கார்மெலா பக்கத்துலதான் நம்ம ஜனங்க பல பேரு நிக்கிறோம். தப்புன்னு தெரிஞ்ச வருமானத்துல கட்டின வீட்டுல விளக்கேத்தி, தான தர்மம் பண்ணி, மனசைத் தேத்திக்கிற பெண்களை நீயும் பார்த்திருப்ப.

ஸ்கைலர் மேல கோபம் வந்தா நிறுத்து

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். ‘பிரேக்கிங் பேட்’ பார்க்கிற பல பேருக்கு வால்டரைவிட அவர் மனைவி ஸ்கைலர் மேலதான் எரிச்சல் வரும். ‘இவ ஏன் நச்சரிக்கிறா, அவரை நிம்மதியா விட மாட்டாளா’ன்னு. அந்தப் பெண் என்ன பண்ணினா? புருஷன் ஏன் பொய் சொல்றான்னு கேட்டா. பிள்ளைங்களுக்கு ஆபத்து வருதேன்னு பயந்தா. கதை வால்டர் கண்ணு வழியா நகர்றதால, அவர் வழியில குறுக்க நிக்கிற எல்லாரும் நமக்கும் எதிரியாத் தெரிவாங்க. எழுத்தோட சாமர்த்தியம் அது. நம்ம மனசு வழுக்கற இடமும் அதுதான்.

ஸ்கைலரா நடிச்ச அன்னா கன்னுக்கு இதனால நேர்ந்தது சின்ன விஷயமில்ல. பாத்திரத்து மேல இருந்த வெறுப்பு அவங்க மேலயே திரும்பிடுச்சு. 2013 ஆகஸ்ட்ல ‘நியூயார்க் டைம்ஸ்’ல அவங்களே இதைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. புருஷனுக்கு அடங்கிப் போகாத மனைவியைப் பத்தி ஜனங்க மனசுல என்ன இருக்குங்கிறதை இந்த வெறுப்பு காட்டுதுங்கிறது அவங்க வாதம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் துணை நடிகைக்கான எம்மி விருது அவங்களுக்கே கிடைச்சது.

நம்ம ஊர் கதையும் தெரியும்ல? கொடுமை பண்ற மகனுக்கு ரசிகர்கள் இருப்பாங்க. மாமியாரா நடிச்சவங்களைக் கடைத்தெருவுல நிறுத்தி வச்சுத் திட்டுவாங்க. சிடுசிடுக்கிற ஆம்பளைக்குக் ‘கெத்து’ன்னு பேரு, அதே குரல்ல ஒரு பொம்பளை பேசிட்டா ‘வாயாடி’.

அதனால ஒரு பழக்கம் வச்சுக்கோ. தப்புப் பண்றவனைத் தடுக்கிற ஆள் மேல உனக்குக் கோபம் வந்துச்சுன்னா, உடனே ரிமோட்டை எடுத்து நிறுத்து. இந்த எபிசோடுல நடந்ததை அந்த இன்னொருத்தர் பக்கத்துல இருந்து மூணே வாக்கியத்துல உனக்குள்ள சொல்லிப் பாரு. ‘என் புருஷன் ராத்திரி வீட்டுக்கு வரல. எங்க இருந்தேன்னு கேட்டா பொய் சொல்றார். அலமாரியில கணக்கில்லாத பணம் இருக்கு.’ சொல்லிட்டு மறுபடி ஓட விடு. வால்டர் உனக்கு முன்னாடியைவிட இன்னும் சுவாரசியமாத் தெரிவார், நீயும் அவருக்கு வக்கீல் ஆக மாட்ட.

ரீல்ஸ் பார்க்காதே

தொடரை முடிக்கிற வரைக்கும் அதோட துண்டு வீடியோக்களைப் பார்க்கவே பார்க்காதே. மிரட்டுற முப்பது செகண்டை மட்டும் வெட்டி, பின்னாடி ஒரு பிஜிஎம் போட்டு, ‘மாஸ்’னு தலைப்பு வச்சுடறாங்க. வால்டர் மொட்டைத் தலையோட கறுப்புத் தொப்பி போட்டு நிக்கிறது அதுல வரும். அந்த மிரட்டலுக்கு அப்புறம் அவர் வீட்டுக் கூடத்துல நிலவுற பயம் வராது. எழுதினவங்க அஞ்சு சீசன் பாடுபட்டு ஒவ்வொரு செயலுக்கும் பின்விளைவைக் கட்டியிருக்காங்க, அதைத் துண்டிச்சுட்டா மிச்சம் இருக்கிறது வெறும் வீராப்பு. ‘மேட் மென்’ நாயகன் டான் டிரேப்பர், டோனி சொப்ரானோ எல்லாருக்கும் இதே கதி. வயசுப் பையன்கள் இந்தத் துண்டுகளை மட்டும் பார்த்து ‘ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்’னு பேசறதைக் கேட்கிறப்போ எனக்கு வயிறு கலங்குது. உன் தம்பி அப்படிப் பேசினா, சண்டை போடாதே. அவனோட உட்கார்ந்து முழு எபிசோடையும் போட்டுக் காட்டு.

பேச்சை ரசிக்கலாம், தப்பே இல்ல

மோசமான ஆளோட பேச்சு சுவையா இருந்தா சிரிச்சுடு. 1954-இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ல மோகனசுந்தரம் பெத்த தாயைக்கூட மதிக்காதவன். அவன் வாயில இருந்து வர்ற நக்கலுக்காக எம்.ஆர். ராதாவை எத்தனை தலைமுறை திரும்பத் திரும்பப் பார்த்துச்சு! சிரிச்ச யாரும் அவன் செஞ்சது சரின்னு சொல்லல. ரோமன் ராய் பேச்சுக்கும் அப்படியே சிரிக்கலாம்.

‘சக்சஷன்’ல பேச்சு வேகமா ஓடும், பாதி வாக்கியத்தை முழுங்கிடுவாங்க. சப்டைட்டில் போட்டுக்கோ. கெட்ட வார்த்தை வரிக்கு வரி வரும். கூடத்துல பெரியவங்க இருந்தா ஹெட்போன் கட்டாயம். குழந்தைங்க முழிச்சிருக்கிறப்போ இதுல எதையும் போடாதே.

ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோடு போதும். இந்தத் தொடர்கள் எல்லாம் வாரத்துக்கு ஒண்ணா ஒளிபரப்பாகறதுக்காக எழுதினது. நடுவுல ஆறு நாள் ஜனங்க அதைப் பத்திப் பேசினாங்க, சண்டை போட்டாங்க, யோசிச்சாங்க. நீ ஒரே ராத்திரியில நாலு எபிசோடு விழுங்கினா அந்த வீட்டு நஞ்சு மட்டும்தான் தங்கும். படுக்கறதுக்கு முன்னாடி நேரா இதை முடிச்சுட்டுப் படுக்காதே. பாத்திரம் கழுவு, மாடியில நட, அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசு. யாராவது ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டுப் பார்த்தா இன்னும் நல்லது. ‘நீ யாரு பக்கம்?’னு ஒரு கேள்வி போதும், எபிசோடு முடிஞ்சும் ஒரு மணி நேரம் ஓடும்.

உன் அன்பை வைக்க ஒரு ஆளையும் தேடிக்கோ. முழுக்க வெறுத்துக்கிட்டே அறுபது மணி நேரம் யாராலயும் பார்க்க முடியாது. ‘மேட் மென்’ல எனக்கு அது பெக்கி. செக்ரட்டரியா வந்து, விளம்பரம் எழுதறவளா உயர்ற பொண்ணு. டான் பொய்யா வாழ்ந்து தொலைக்கட்டும், நான் பெக்கிக்காகத் திரும்பத் திரும்ப வருவேன். ‘பிரேக்கிங் பேட்’ல ஜெஸ்ஸி. அவனை முதல் சீசன்லயே சாகடிக்கிறதாத்தான் தொடரை உருவாக்கின வின்ஸ் கில்லிகன் முதல்ல நினைச்சிருந்தார். நல்லவேளை மனசு மாறினார்.

நிறுத்த வேண்டிய நேரம்

இது எல்லாரும் பார்த்தே ஆகணும்கிற விஷயம் கிடையாது. உன் வீட்டுலயே ஒரு லோகன் ராயோ ஒரு குணசேகரனோ இருந்து, அந்தக் குரலுக்கு நீ இன்னும் நடுங்கறவளா இருந்தா, பொழுதுபோக்குங்கிற பேர்ல அதை மறுபடி ஏன் கேட்கணும்? சில பேருக்கு, அந்த மாதிரி ஆளைத் திரையில தூரத்துல வச்சுப் பார்க்கிறப்போ தெம்பு வரும். சில பேருக்குப் பழைய காயம் கிளறிக்கும். நீ எந்த ரகம்னு உன் உடம்பே சொல்லிடும். நெஞ்சு படபடக்குது, தூக்கம் கெடுது, மறுநாள் வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறன்னா மூடிடு. பாதியில விட்டுட்டோமேன்னு வருத்தமே வேண்டாம். ‘த சொப்ரானோஸ்’ல பெண்களுக்கு நடக்கிற வன்முறை சில எபிசோடுகள்ல ரொம்பக் கொடூரமா இருக்கும், குறிப்பா மூணாவது சீசன்ல. அது உனக்கு ஆகாதுன்னா கூச்சப்படாம ஓட்டிவிட்டுப் பாரு.

எதுல ஆரம்பிக்கலாம்?

கையில நேரம் குறைவா இருந்தா ‘ஃப்ளீபேக்’. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் எழுதி நடிச்சது. 2016-லயும் 2019-லயும் ரெண்டே சீசன், மொத்தம் 12 எபிசோடு, ஒவ்வொண்ணும் அரை மணி நேரத்துக்குள்ள. லண்டன்ல ஒரு பொண்ணு. திருடுவா, பொய் சொல்லுவா, கூடப் பிறந்த அக்காவையே கடுப்பேத்துவா, நடுநடுவுல கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மகிட்ட பேசுவா. நம்மகிட்டயும் அவ ஒண்ணை மறைக்கிறாங்கிறது மெதுவாத்தான் தெரியும். படுக்கையறை விஷயமெல்லாம் ஒளிவுமறைவில்லாம வரும், தனியாப் பாரு. பிடிக்காத ஒருத்தியோட மனசார உட்கார்ந்து பழக இதைவிட நல்ல இடம் இல்ல. அக்கா தங்கச்சி கதைங்கிறதால எனக்குக் கூடுதல் பாசம்.

அடுத்தது ‘சக்சஷன்’. ரத்தம் அதிகம் கிடையாது, பேச்சுலயே வெட்டிக்குவாங்க. அதுக்கப்புறம் ‘பிரேக்கிங் பேட்’. பொறுமை இருந்தா ‘மேட் மென்’, அது 92 எபிசோடு.

‘த சொப்ரானோஸ்’ஸைக் கடைசிக்கு வை. 86 எபிசோடு, ஆறு சீசன், 1999-ல இருந்து 2007 வரைக்கும் வந்தது. மேல சொன்ன எல்லாத் தொடருக்கும் ஒரு விதத்துல அதுதான் மூத்தது. அதைத் தொடும்போது கார்மெலா பக்கம் ஒரு கண்ணு, டோனிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் மெல்ஃபி பக்கம் ஒரு கண்ணு வச்சுக்கோ. இந்த ஆளுக்கு உதவறதா வேண்டாமான்னு அந்த டாக்டரம்மா படற பாடு, பார்க்கிற நம்ம பாடேதான். கடைசி எபிசோடோட கடைசிக் காட்சியில, குடும்பம் ஹோட்டல்ல உட்கார்ந்திருக்கிறப்போ, திரை சட்டுனு கறுப்பாயிடும். 2007-ல அமெரிக்காவுல நிறைய பேர் கேபிள் போயிடுச்சுன்னு நினைச்சுப் பதறினாங்க. உனக்கும் நெட் போகல, ரௌட்டரை அணைச்சு அணைச்சுப் போடாதே. அப்படித்தான் எடுத்திருக்காங்க. பார்த்து முடிச்ச கையோட எனக்கு ஒரு போன் போடு, டோனிக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு கட்சி இருக்கு. உன் கட்சி என்னன்னு கேட்கணும்.